பின்னறைக்கு அடியில்

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் பின்னறையில் அந்த வாடை வந்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்தாற்போல ஒரு பூஞ்சை வாடை. மணிவாசகம் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் அந்த வீட்டை வாங்கியது முந்தின ஆண்டு, 1973 அக்டோபரில். அப்போது எல்லாம் காய்ந்து கிடந்தது. பின்னறை பழைய சொந்தக்காரர் பிற்பாடு சேர்த்துக் கட்டியது. அதன் பலகைத் தரைக்கும் கீழே வெறும் மண்ணுக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி. உள்ளே போக, வெளிச்சுவரின் அடியில் ஒரு சின்ன மரக்கதவு.

ஐந்து வயது மகள் உஷா அந்த அறையில்தான் படுப்பாள். மே மாதத்துக்குள் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. டாக்டர் மருந்து எழுதிக்கொண்டே, வீட்டில் எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று கேட்டார்.

சரிசெய்ய ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மணிவாசகத்தின் மூன்று மாதச் சம்பளத்தைக் கூலியாகக் கேட்டார்.

"மண்ணு மேல பாலிதீன் விரிச்சு ஓரத்தை ஒட்டணும், அவ்வளவுதான். நாமே செஞ்சுடலாம்," என்றாள் அவர் மனைவி சியாமளா. அவள் டவுன்டவுனில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். நூலகத்திலிருந்து வீட்டுப் பராமரிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்திருந்தாள்.

மணிவாசகம் பாலங்களுக்கு வரைபடம் போடும் இன்ஜினியர். "முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். அதை நிறுத்தாம மூடினா பிரயோஜனம் இல்ல," என்றார்.

அடுத்த மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து கண்டுபிடித்தார். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் பின்னறைச் சுவரின் காலடியிலேயே கொட்டியது. தரையும் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது. குழாயை ஆறடி நீட்டினார். சுவரோரம் மண் கொட்டி, சரிவை வெளிப்பக்கமாக மாற்றினார். இரண்டு சனிக்கிழமை ஒற்றை ஆளாக மண் சுமந்தவர், உள்ளே இறங்குவது பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் முதுகு வலிக்கிறது என்றார். மூன்றாவது சனிக்கிழமையும் அதே பதில்.

நான்காவது சனிக்கிழமை சியாமளா அவருடைய பழைய பேன்ட்டைப் போட்டு, நழுவாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். "நான் போறேன். நீங்க வெளியில நில்லுங்க."

பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரம்மா மதாம் லெப்பீன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, தன் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடிய தட்டைப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல உபயோகமாக இருந்தது. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன மரத்துண்டு, மக்கிய அட்டைப்பெட்டி, கூர்மையான கற்கள் எல்லாவற்றையும் சியாமளா உள்ளே படுத்தபடி அதில் ஏற்றுவாள். மணிவாசகம் வெளியிலிருந்து பலகையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார். மண் சுத்தமானதும் பாலிதீன் சுருள் உள்ளே போனது. ஒரு விரிப்பின் மேல் இன்னொன்று ஓரடி ஏறும்படி போட்டு, விளிம்பைச் சுவரில் அரையடி ஏற்றி, தார்ப்பசையால் ஒட்டிக்கொண்டே போனாள்.

கடைசி மூலையில் சிக்கல். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் விரிப்பு சுவரிலிருந்து சரிந்து சரிந்து விழுந்தது.

"ஏங்க, ரெண்டு நிமிஷம் உள்ள வாங்க."

அவர் குனிந்து தலையையும் தோளையும் நுழைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் அவர் நெற்றி முழுக்க வியர்வை. பின்வாங்கி வெளியே போய்விட்டார்.

சியாமளா கோபத்தோடுதான் ஊர்ந்து வெளியே வந்தாள். அவர் புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"முதுகுவலின்னு சொன்னது பொய்," என்றார். "முதல் வேலையில ஒரு அணைக்கட்டுல குழாய்க்குள்ள பரிசோதனைக்கு அனுப்பினாங்க. நடுவுல மாட்டிக்கிட்டேன். இழுத்து வெளிய எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அதுலேருந்து முடியல சியாமளா. மெட்ரோல கூட கதவுகிட்டதான் நிப்பேன்."

"எட்டு வருஷமா ஏன் சொல்லல?"

"இன்ஜினியர்னு சொல்லிக்கிட்டு, பொந்துக்குள்ள போக பயம்னு எப்படிச் சொல்றது?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை முழுக்கத் தார். "சொல்லியிருந்தா ஒரு மாசமா உங்களைத் திட்டியிருக்க மாட்டேன்."

"நீ திட்டவே இல்லையே."

"மனசுக்குள்ள."

அவர் சிரித்தார். பிறகு பின்னறைச் சுவரை அளவெடுப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். "நீ அந்த மூலைக்கே போ," என்று எழுந்து வீட்டுக்குள் போனார்.

சியாமளா மறுபடி உள்ளே படுத்துக் காத்திருந்தாள். தலைக்கு மேல் கட்டில் நகரும் சத்தம். பிறகு ஆணி பிடுங்கும் கிறீச்சொலி. இரண்டு பலகைகள் பெயர்ந்து பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதன் வழியே அவர் கை தோள்வரை இறங்கியது.

"எங்க பிடிக்கணும், சொல்லு."

"இன்னும் இடது பக்கம். ஆங், அழுத்திக்கிட்டே இருங்க."

அவர் மகளின் அறைத் தரையில் குப்புறப் படுத்துப் பிடித்திருக்க, அவள் கீழே ஒட்டி முடித்தாள். தரை எப்படித் திறந்துகொண்டது என்று உஷா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து அம்மாவுக்குக் கையாட்டினாள். மாலைக்குள் பலகைகள் திரும்ப ஏறின. ஒன்று மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருந்தது.

ஜூலைக்குள் வாடை நின்றுவிட்டது. உஷாவின் இழுப்பு அடியோடு போய்விடவில்லை. குளிர்காலத்தில் சளி பிடித்தபோது இரண்டு முறை வந்தது. ஆனால் இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும் நிலை இல்லை.

அடுத்த ஏப்ரலில் பனி உருகியதும் சியாமளா டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தாள். மணிவாசகம் கதவருகில் குந்தியிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"வந்து பாருங்கன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா, நீயே சொல்லிடு."

"தரை காய்ஞ்சு கிடக்கு," என்றாள் உள்ளிருந்து.