ஒரு சுழி

ஆணையில் ஒரு சுழி குறைந்துவிட்டதால், வேதாசலம் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள் வேலைக்குச் சேர வேண்டியதாயிற்று.

பதினோரு வருடமாக அவன் அந்த அலுவலகத்தில் தற்காலிக ஊழியன். 'பணி நிரந்தரம்' என்று ஓர் ஆணை வருமென்று காத்திருந்தான். வந்தது. தட்டச்சில் மூன்று சுழி விழ வேண்டிய இடத்தில் இரண்டு சுழி விழுந்து, 'பனி நிரந்தரம்' என்றிருந்தது.

"இந்த ஊர்ல பனி ஏதுய்யா?" என்று கண்காணிப்பாளர் திரவியம் அறையைச் சுற்றிப் பார்த்தார். பனி ஒரே இடத்தில்தான் இருந்தது, அவர் நாற்காலிக்கு மேலே. யாரோ வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பழைய அமெரிக்கப் படம். அச்சடித்து, கையால் வண்ணம் பூசியது. உறைந்த குளம், இரண்டு குதிரை, புகை விடும் ஒரு வீடு, பனிக்கட்டியை அறுத்து வண்டியில் ஏற்றும் ஆறு பேர்.

"சார், ஒரு சுழி போட்டா சரியாயிடும்."

"கையெழுத்தாயிடுச்சு. என் பேனாவுல சுழி கிடையாது. நீ முதல்ல ஜாயின் பண்ணு. அஞ்சு மணிக்குள்ள சுழி கிடைச்சா திருத்திக்கலாம். அப்புறம் ஃபைல் கட்டிடுவேன்."

முதலில் சேர், பிறகு திருத்தலாம் என்றால் நம்பாத அரசு ஊழியன் இன்னும் பிறக்கவில்லை. வேதாசலமும் நம்பினான். மார்கழிக்கு வாங்கிய மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, நாற்காலிமேல் ஏறி, சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்கினான்.

உள்ளே மேஸ்திரி நின்றிருந்தார். தொப்பியில் எப்பிராயீம் என்று எழுதியிருந்தது. ஒரு ரம்பத்தை நீட்டினார்.

"ஏழாவது ஆள் நீதானா? இடம் விட்டுத்தான் வரைஞ்சிருக்காங்க. நில்லு."

"ஐயாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஆபீஸ் சுவத்துல எழுபது வருஷம் தொங்கிப் பாரு. உனக்கும் எல்லாம் தெரியும்."

வேதாசலம் அறுத்தான். அறுத்த இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது. அவன் கரையை நெருங்க நெருங்கக் கரை ஒரு முழம் தள்ளிப் போனது. குளிர் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் வண்ணம் பூச மறந்திருந்தார்கள்.

வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை ஒரே ஒரு சுழியாக எழும்பி நின்றது. அளவு கச்சிதமாக இருந்தது.

"ஐயா, தொப்பி உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு. உங்கள மாதிரி மேஸ்திரிய நான் பார்த்ததே இல்ல. அந்தப் புகைச் சுழிய மட்டும்..."

"இங்க ஐஸ் வைக்கிற வேலை இல்ல. வெட்டுற வேலைதான்" என்றார் எப்பிராயீம். "புகைய எடுத்தா அடுப்பு அணைஞ்சிடும். வீட்டுக்குள்ள சமையல் ஆயிட்டிருக்கு."

"சாப்பாடு எப்ப வரும்?"

"இதுவரைக்கும் வந்ததில்ல."

நாலரை மணிக்கு அவன் மனைவி சுலோசனா டிபன் கேரியரோடு வந்தாள். மதியம் சாப்பிட வராதவனைத் தேடி வந்தவள், படத்தைப் பார்த்ததும் நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

"என்னங்க, சோறு தண்ணி இல்லாம அங்க என்ன பண்றீங்க?"

"சுழி! மூணாவது சுழி! அஞ்சு மணிக்குள்ள!"

கண்ணாடி வழியாகப் பாதிதான் கேட்டது. ஆனால் மேஜைமேல் கிடந்த ஆணையைப் படித்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கைப்பையிலிருந்து கண்மையை எடுத்தாள். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய விரல். சுழி கொஞ்சமும் பிசகவில்லை.

திரவியம் படித்தார். "பணி நிரந்தரம். இப்பதான் சரி." முத்திரை குத்தினார். மணி ஐந்து அடித்தது.

"அப்ப அவர் இறங்கி வரலாமா சார்?"

"எங்கம்மா வர்றது? சேர்ந்த இடத்துலதான் நிரந்தரம். பனின்னு இருந்த வரைக்கும் பனிதான் நிரந்தரம், அவன் இல்ல. அவனை இறக்கியிருக்கலாம்."

ஃபைலைக் கட்டிவிட்டு அவர் கிளம்பினார்.

பணி நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்கப் பதினோரு வருடம் காத்திருந்தவள் அவள். முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். பிறகுதான் அழுதாள். கேரியரை நாற்காலிமேல் வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துக் கை காட்டினாள்.

வேதாசலமும் கை காட்ட நினைத்தான். இரண்டு கையையும் ரம்பத்தோடு சேர்த்தே வரைந்திருந்தார்கள்.