காலை வண்டியின் மூன்றாவது பெட்டி

"அப்பா காலை வண்டியில வாரேன்னாக. பாலத்து மேல நிக்கையில உங்க கண்ணுல பட்டாகளா?"

"இல்லையே."

"உங்களுக்கு இஞ்சினைத் தவிர எது கண்ணுல படும்? பொண்டாட்டியே அதுல வந்தாலும் எத்தனை பெட்டின்னுதான் எண்ணுவீக."

வேல்விழி சிரித்தாள். திலீபனும் சேர்ந்து சிரித்தான். அவர்கள் கல்யாணமான வருடம், 2003. தலை தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அப்பாவுக்குப் பிடிக்குமென்று அவள் அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் சொன்ன அந்த 'இல்லையே' பொய்.

மதுரையிலிருந்து போடிக்குப் போகும் பாசஞ்சர், தேனிக்குச் சற்று முன்னால் ஒரு வண்டிப்பாதைப் பாலத்துக்கு அடியில் மெதுவாக வளைந்து வரும். ஞாயிறுதோறும் திலீபன் அங்கே கேமராவோடு நிற்பான். படத்தில் ரயில் மட்டும் இருக்கவேண்டும், கையோ காலோ வெளியே நீட்டியிருக்கக் கூடாது. ஒரு பிலிம் ரோலில் முப்பத்தாறு படம்தானே. அதனால் படிக்கட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கத்தி உள்ளே அனுப்புவது அவன் வழக்கம்.

அன்றைக்கு மூன்றாவது பெட்டியின் படியில் ஒரு பெரியவர், மடியில் வாழைத்தாரோடு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ் பெருசு, காலை உள்ள இழுய்யா. படத்தைக் கெடுக்காத."

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். வேல்விழியின் அப்பா ஒச்சாண்டி. மருமகனைத் தலை தீபாவளிக்கு அழைக்க வந்துகொண்டிருந்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சைக்கிளை மிதித்திருந்தால் பத்தே நிமிடத்தில் ஸ்டேஷன். என்ன முகத்தோடு போவது என்று திலீபன் பாலத்திலேயே நின்றுவிட்டான். அவர் வீட்டுக்கு வரவில்லை. திரும்புகிற வண்டியில் தன் ஊர் உசிலம்பட்டிக்கே போய்விட்டார்.

சாயங்காலம் வேல்விழி போன் செய்தபோது, "உடம்புக்கு முடியலத்தா, கிளம்பவே இல்ல" என்றாராம். மருமகனை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. திலீபனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகும் ஒச்சாண்டி வரவில்லை; மாமனார் நேரில் வந்து அழைக்காமல் மாப்பிள்ளை தீபாவளிக்குப் போவதில்லை. "ஒரு நடை வந்து கூப்பிட முடியலையாக்கும் உங்க அப்பாவுக்கு" என்று திலீபனின் அம்மா சொன்னபோது, வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறினாள். அவன் குனிந்து சாப்பிட்டான். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டதில் ஏழு தீபாவளி வந்தது. மகள் சினேகாவின் காதுகுத்துக்கு ஒச்சாண்டி வந்தார். வீட்டுக்கு வராமல், கோயிலோடு வந்து, கோயிலோடு போனார். வேல்விழி அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே, ஒன்றும் தெரியாதவன் போலத் திலீபன் பந்தி விசாரித்தான்.

2010 அக்டோபரில் ஒருநாள் அவள் பேப்பரை மடித்து வைத்தாள்.

"போடி லைன்ல அகல ரயில்பாதை போடுறாகளாம். வருசக் கடைசியோட வண்டி நிக்குதாம்."

"ம்."

"பஸ்ல ஏறுனா அப்பாவுக்குத் தலை சுத்திரும். இனி அவுக வரணும்னு நெனச்சாலும் வழியில்ல." குரலில் கோபம் இல்லை. "நான் அப்படி என்ன தப்புப் பண்ணினேன்னு ஒருதடவை கேக்கணும் போல இருக்குங்க."

அடுத்த ஞாயிறு அவன் பாலத்துக்குப் போகவில்லை. தேனியில் டிக்கெட் எடுத்து, மதுரைக்குத் திரும்புகிற பாசஞ்சரில் ஏறி உசிலம்பட்டியில் இறங்கினான்.

ஒச்சாண்டி வீட்டு வாசலில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"வாங்க மாப்ள. பிள்ளையும் பேத்தியும் வரலையா?"

"நான் மட்டும்தான் மாமா."

செம்பில் தண்ணீர் கொடுத்தார். நாற்காலியைத் தட்டிப் போட்டார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"படம் பிடிக்கிற பொட்டியக் காணோமே. நான் பாட்டுக்கு இங்கன காலை நீட்டி உக்காரலாமா?"

திலீபன் நாற்காலியிலிருந்து இறங்கி, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அது நீங்கன்னு தெரியல மாமா."

"தெரியும். வேற யாரோ பெருசுன்னு நெனச்சீக." அவர் ஒரு கொட்டையை ஒதுக்கிப் போட்டார். "வேற யாரோவா இருந்தா சரியா மாப்ள?"

திலீபன் அந்தக் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"பெட்டி முழுக்கச் சிரிச்சாக. பொண்ணு குடுத்த வீட்டுக்குப் போறேன்னு உசிலம்பட்டியில இருந்தே பெருமையா சொல்லிட்டு வந்திருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தவன் கேட்டான், மேல நிக்கிறது யாருன்னு. தெரியலைன்னுட்டேன்."

"வேல்விழிகிட்ட நானும் அதைத்தான் சொன்னேன் மாமா. பாக்கலைன்னு. நேத்து வரைக்கும் உங்க மேல தப்புன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்துச்சு. நேத்து ராத்திரிதான் எல்லாத்தையும் சொன்னேன்."

அவர் கை நின்றது. "என்ன சொன்னுச்சு?"

"எங்கூடப் பேசல. காலையில டிபனை முன்னால வச்சுட்டு, உசிலம்பட்டிக்கு வண்டி எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டுச்சு."

ஒச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கத்தான் திலீபன் வந்திருந்தான். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"தீபாவளிக்கு எங்களை வீட்டுக்கு வந்து கூப்பிடுங்க மாமா."