நடுவில் இருந்தவன்

அன்று காலை மல்லாட்டைக் கொல்லையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி ராஜவேல், என் தங்கை ரத்தினம்மாளின் கணவர் வைத்திலிங்கம், பக்கத்துக் கொல்லைக்காரன் பழனிவேல். வேறு யாரும் இல்லை.

மாசி கடைசி. நிலக்கடலை காய் பிடித்திருந்தது. மூன்று நாளில் காட்டுப்பன்றிகள் அரைக்காணியைக் கிளறிப் போட்டிருந்தன. பழனிவேலைத் தவிர எங்கள் மூவரிடமும் துப்பாக்கி இருந்தது. மூன்றுக்கும் லைசென்ஸ் உண்டு. அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் ஓர் ஒழுங்கு. ஓரத்தில் உட்கார்ந்தவன் இடத்தைவிட்டு எழுவதற்கு முன் நடுவில் இருப்பவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பவன் பதில் சொல்லி, மறு ஓரத்துக்கும் உரக்கச் சொல்ல வேண்டும். அவன் சொல்லாதவரை அசைவது பன்றிதான். நாற்பது வருஷத்தில் எங்களில் ஒருவர் மேலும் ஒரு குண்டுகூடப் பட்டதில்லை. குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நடுவிடம் மூத்தவனுடையது. அன்று ராஜவேல் தயங்கினான்.

"இன்னிக்கு நடுவுல பழனி ஒக்காரட்டும்ணே."

"அது அப்பா ஒக்காந்த எடம்" என்றேன்.

பழனிவேல் டிராக்டரில் ஏறிக்கொண்டே, "இவுங்க ரெண்டு பேரும் பேச மாட்டாங்கன்னு பன்னிக்குக்கூடத் தெரியும்டா ராஜவேலு" என்றான். ராஜவேல் சிரிக்கவில்லை. வைத்திலிங்கம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷமாக எனக்கும் வைத்திலிங்கத்துக்கும் பேச்சில்லை. சிதம்பரத்தில் அவர் மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான். பஸ் தாமதமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று பெண்ணை வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த் தட்டோடு மண்டப வாசலிலிருந்து திரும்பினேன். அதன் பிறகு நான் அந்த வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. எங்கள் கொல்லையை ஒட்டித்தான் தங்கையின் பங்கும் இருக்கிறது. பன்றிக்கு வரப்பு தெரியாது. அதனால் ராஜவேல் கூப்பிட்டு அவரும் வந்திருந்தார். வந்ததிலிருந்து நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் கிழக்கே ஓடைக்கரையில் உட்கார்ந்தார். நான் நடுவில், மோட்டார் கொட்டகையடியில். ராஜவேல் மேற்கே முந்திரித் தோப்பின் விளிம்பில். ரோட்டுப் பக்கம் பன்றி ஓடாதபடி பழனிவேல் டிராக்டரோடு நின்றான். பனி இறங்கியிருந்தது. கொட்டகைத் தகரத்திலிருந்து நீர் சொட்டியது. வெளுக்கும்வரை ஒன்றும் வரவில்லை.

அப்போது ஓடைப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"மச்சான், நான் எறங்கி வரேன்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்ட முதல் சொல் அது. நான் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

"மச்சான், காதுல உழுவுதா?"

ராஜவேலுக்கும் கேட்டிருக்கும், அவன் பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். ராஜவேல் தூரத்தில் இருந்தான். காற்றும் அந்தப் பக்கம் போகவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். நான் பேச மாட்டேன் என்பது வைத்திலிங்கத்துக்கும் தெரியும். பேசாவிட்டாலும் தம்பிக்குச் சொல்லிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ரோட்டுக்கு வழி முந்திரித் தோப்பு ஊடேதான். கொட்டகைக்குப் பின்னால் அவர் காலடி கடந்து போனது. முந்திரிக் கிளைகள் தாழ்ந்திருக்கும். ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். சருகு சத்தம் கேட்டது. பிறகு ஒரு வெடி.

டிராக்டர் பெட்டியில் மல்லாட்டைக் கொடியைப் பரப்பி அவரைக் கிடத்தினோம். குறிஞ்சிப்பாடியில் ஆம்புலன்ஸுக்கு மாற்றினோம். கடலூர் போய்ச் சேரும்முன் போய்விட்டார். வழியில் ராஜவேல் ஒரே ஒருமுறை பேசினான். "நீ சத்தம் குடுக்கலியேண்ணே. அதான் பன்னின்னு நெனச்சேன்."

போலீஸ் கேட்டபோது, குரல் எதுவும் கேட்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு சிதம்பரம் போனேன். அதே பஸ், அதே பித்தளைத் தட்டு. ரத்தினம்மாள் கோடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அவள் மகள் கதவருகே நின்றாள். காதில் தோடு இருந்தது.

"அவுரு கூப்புடாம வர மாட்டாருண்ணே. நீ நடுவுல இருந்த. கேட்டியா?"

"இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

ராஜவேல் ஜாமீனில் இருக்கிறான். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். மீதி மல்லாட்டையைப் பன்றிகள் தின்று முடித்துவிட்டன.

வைத்திலிங்கம் குரல் கொடுக்காமல் எழுந்து வந்தார், அதனால்தான் செத்தார் என்று குறிஞ்சிப்பாடியிலும் சிதம்பரத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் குரல் கொடுத்தார். இரண்டு முறை கொடுத்தார். எனக்குக் கேட்டது.