மூடியில் ஓர் எழுத்து

அண்ணனின் நரம்பு செல்கள் மினுங்குவதைப் பார்க்கத்தான் அன்று காலை மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தேன். என்னுடையவற்றையும் பார்த்துவிட்டு எழுந்தபோது எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

உயிரோடு இருக்கும் ஒருவரின் நரம்பு செல்லைத் தட்டில் வளர்ப்பதா என்று கேட்பீர்கள். மண்டையைத் திறக்க வேண்டாம், ஒரு ஊசி ரத்தம் போதும். ரத்த செல் என்பது படிப்பை முடித்து உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட ஆள் மாதிரி. அதற்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால், படித்ததையெல்லாம் மறந்து, கருவில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இனி அது எதுவாகவும் ஆகலாம். அதுதான் ஸ்டெம் செல். பிறகு சரியான நாளில் சரியான ரசாயனத்தை ஊட்டி அதை நரம்பு செல்லாக்குகிறோம். ஏழெட்டு வாரத்தில் கிளை விட்டு, ஒன்றையொன்று தொட்டு, தாமாகவே துடிக்கத் தொடங்கும். ஒரு சாயத்தைக் கலந்தால், துடிக்கிற செல் ஒவ்வொன்றும் பச்சையாக மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயதில் நடை தடுமாற ஆரம்பித்தது. பிறகு கை. இப்போது சட்டைப் பொத்தான் போட அண்ணி வர வேண்டும். அப்பாவுக்கும் இதேதான். எங்கள் குடும்பத்தில் இது எந்த மரபணுவால் வருகிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனையும் கிடையாது. நோய் உள்ளவரின் செல்லையும், அதே குடும்பத்தில் நோய் இல்லாதவரின் செல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தால் கோளாறு எங்கே என்று பிடிபடலாம். நோய் இல்லாதவர் நான். எனக்கு முப்பத்தொன்பது.

அண்ணன் தட்டில் செல்கள் ஒரே சமயத்தில் வெடித்தாற்போல் மினுங்கின, பிறகு நெடுநேரம் இருட்டு, மறுபடி ஒரு வெடிப்பு. எதிர்பார்த்ததுதான். என் தட்டில் மழைத்தூறல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக விடாமல் மினுங்க வேண்டும். அதிலும் ஒரு வெடிப்பு. இருட்டு. வெடிப்பு.

எங்கள் ஆய்வகத்தில் தட்டுகளைப் பராமரிப்பவள் குமிழி. திரவத்தை உறிஞ்சும் பிப்பெட்டில் ஒரு காற்றுக்குமிழிகூட வரவிடாதவள் என்பதால் வந்த பட்டப்பெயர்.

"குமிழி, இங்க வா. இது எந்தத் தட்டு?"

"உங்களுதுதான்க்கா. நேத்து நான்தானே சாப்பாடு வெச்சேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"ரெண்டு மாசமா வளக்கறேன். என் புள்ளைங்களைக்கூட இப்படிப் பாத்துக்கிட்டதில்ல." குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை. "சாயம் கெட்டுப்போச்சோ?"

"காலையிலதான் புதுசு ஒடச்சேன்."

நான் என் கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்குவது போலிருந்தது. உற்றுப் பார்த்தால் யார் கைதான் நடுங்காது? வராந்தாவில் தரைக்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து பார்த்தேன். எதிரே வந்த எங்கள் ஆய்வகப் பேராசிரியர் ஒதுங்கி வழிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு தட்டை வெச்சு முடிவு கட்டாதீங்கம்மா. மொதல்ல செல் யாரோடதுன்னு உறுதி பண்ணுங்க."

அது சுலபம். ஆணுக்கு ஒய் குரோமோசோம் உண்டு, பெண்ணுக்கு இல்லை. செல்லிலிருந்து மரபுப்பொருளை எடுத்து, ஒய்யின் ஒரு துண்டை மட்டும் லட்சக்கணக்கில் பெருக்கும்படி இயந்திரத்திடம் சொல்லலாம். இருந்தால் படத்தில் ஒரு வெளிச்சப் பட்டையாகத் தெரியும். என் தட்டில் பட்டை வந்தால் இரண்டு மாத உழைப்பு பாழ். வராவிட்டால், என் தட்டில் இருப்பது நான்தான். இரண்டு மணி நேரம், செய்த வேலை பாழாகிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டிலும் பட்டை.

"ரெண்டுமே ஆம்பளை!" என்றாள் குமிழி.

எப்படி? ஸ்டெம் செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்த டியூப்பின் மூடி சுண்டுவிரல் நகம் அளவுதான். பதிவு எண்ணைப் பக்கவாட்டில் எழுதுவோம், அதில் பனி மூடிக்கொள்ளும். சுரண்டிப் படிக்க நேரமிருக்காது. அதனால் மூடியில் ஓர் அடையாள எழுத்து. அண்ணனுடையதில் 'அ' என்று எழுதியிருந்தேன், என்னுடையதில் 'நா'. 'அ' நிறைய இருந்தது. 'நா' ஒன்றுதான் தேறியது. இரண்டு மாதம் முன்பு வளர்க்கத் தொடங்கிய அன்று அண்ணனுடையதை நான் எடுத்தேன், என்னுடையதை எடுக்கச் சொன்னது குமிழியிடம்.

"நீ எதை எடுத்தே?"

"'அ'தான். அ, அக்கா."

ஒன்பது வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுபவள்.

"அது அண்ணன்டீ!"

"அப்ப 'நா'?"

"நான்!"

"எந்த நான்? எழுதினது நீங்க, எடுக்கறது நான். நானும் நான்தானே? நான் ஏதோ நாயோட செல்லுன்னு நெனச்சேன்க்கா!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, என்னைப் பற்றி இன்னமும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது. நோயிலிருந்து தப்பிவிட்ட மாதிரி அல்லவா சிரித்தேன்? தப்பியது ஒரு தட்டிலிருந்துதான்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு தட்டுலயும் நீதான் இருந்திருக்கேண்ணா."

"சின்ன வயசுலயே உன் தட்டுல கை வெச்சவன்தானே நான்."

"வெளயாடாதே. இப்ப என் செல்லை எடுத்து வளக்கணும். இல்லேன்னா வெளியாள் கிட்ட ரத்தம் வாங்கி மொதல்ல இருந்து தொடங்கணும். எட்டு மாசமாவது ஆகும்."

"எடுக்காதே."

"உனக்குத்தான் தள்ளிப்போகும்."

"எட்டு மாசத்துல உங்க தட்டு மருந்தாவா ஆகப்போவுது? எடுக்காதேன்னா எடுக்காதே." பிறகு, "இல்ல... எடு. தெரியலம்மா. என்னைக் கேக்காதே."

போனை அணைக்க அவன் விரல் நாலைந்து முறை தவறியது டொக்டொக்கென்று என் காதில் கேட்டது.

அவன் வேண்டாமென்றது எனக்காகவா? எடு என்றது தனக்காகவா? யோசித்துக்கொண்டே நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தேன். சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் 'நா'வை எடுத்தேன்.

உறைந்த செல்லின் தர்மம் வேறு. உறைந்து கிடக்கும்வரை பல வருடம் கெடாது. உருகத் தொடங்கிவிட்டால், அதுவரை காப்பாற்றிய ரசாயனமே அதற்கு விஷம். சட்டென்று உருக்கி, கழுவி, அதன் சாப்பாடான சத்துத் திரவத்தில் விட்டாக வேண்டும். திரும்ப உறையவைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

"அக்கா! கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? உருகுது!"

கையுறைக்குள் டியூப்பைப் பொத்தி வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தால், உள்ளே கடுகளவு பனிக்கட்டி ஒன்று மிதந்தது.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"இப்பக் கேட்டா? செத்துடும்க்கா, சீக்கிரம்!"

ஓடினேன். அவை சாகக் கூடாது என்று ஓடினேனா, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஓடினேனா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. குமிழி வெதுவெதுப்பான திரவத்தை நீட்டினாள். சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தேன். அவை மினுங்க இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது.