படகோட்டியின் கால்

மாலைக்குள் வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து விழாவிட்டால் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது. ஆராய்ச்சி மாணவியின் இத்தனை ஆண்டு உழைப்பும் பாழ். பரிசில் பெறாமல் வாயிலில் நிற்கும் பாணனைப் போல அவள் நிற்க, அவரோ பேனா மூடியைக்கூடக் கழற்றாமல் நாவலைப் படித்த பரவசத்தில் மிதந்தார்.

அரபு நாவல் ஒன்றின் பாத்திரம், கதைப்பின்னல், களம் மூன்றையும் பகுத்து ஆய்ந்தவள் அவள். அரபு அறியாத பேராசிரியருக்காக நாவல் முழுவதையும் தமிழாக்கித் தட்டெழுதி, பைண்டிங் கடையிலிருந்து நேரே அவருக்கு அனுப்பச் செய்திருந்தாள். "அரபு நாவல், பார்த்துக் கட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னதே வினையாயிற்று. அரபு நூல் வலப்புறமிருந்து திறக்கும் என்று கேள்விப்பட்டிருந்த கடைக்காரர், தமிழ் இயல்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக அடுக்கித் தைத்துவிட்டார். பக்கங்களுக்கோ இயல்களுக்கோ எண்ணும் இல்லை, இடப்பெயர்களே தலைப்பு. இன்று அவர் மேசையிலிருந்த பிரதியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"சாவுல தொடங்கிக் கல்யாணத்துல முடிக்கிறான் பாரு! அதை விட்டுட்டியே. ஆராய்ச்சி பண்ணினியா, தூங்கினியா?"

"கல்யாணம்தாங்க ஐயா முதல் இயல். கடைக்காரர் மாத்திக் கட்டிட்டார்."

"எழுதினவனோட உத்தியைக் கடைக்காரர் தலையில கட்டாதே தாயே."

பல்லைக் கடித்துக்கொண்டாள். "நடுவுல படகோட்டிக்குக் காலை எடுத்துடறாங்க. அப்புறம் எப்படிங்க கல்யாண வீட்டு மாடிப்படியில தாவி ஏறுவான்? வெட்டின கால் முளைக்குமா?"

"முளைக்கும்! அதான் குறியீடு. பாலை மெல்ல முல்லையா மலருது. ஆய்வேட்டுல கதைப்பின்னல் இயலைத் திருத்தி எழுது, கையெழுத்துப் போடறேன்."

"ஒண்ணும் மலரலைங்க!"

மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் பதறியெழுவதற்குள் தையல் நூலை நறுக்கி, இயல்களை வரிசையாக மாற்றி அடுக்கி அவர்முன் தள்ளினாள். முறைத்தபடியே புரட்டத் தொடங்கியவர், மணவீட்டின் மாடிப்படியைக் கடந்து, மருத்துவமனையைக் கடந்து, கவிழ்ந்த படகு கிடக்கும் கரையை அடைந்தார். குரல் இறங்கியது.

"அப்போ இவன் செத்துத்தான் போறானா?"

"ஆமாங்க."

"நான் படிச்சதுல பிழைச்சுக்கிட்டானேம்மா. கால்கூட வந்துச்சு."

அவளுடைய ஆத்திரம் அடங்கவில்லை. கொட்ட இடந்தான் இல்லாமற் போயிற்று. அவர் மெல்லப் பேனாவைத் திறந்து ஆய்வேட்டில் கையெழுத்திட்டார். பிறகு நாவலின் கடைசி இயலை அடியிலிருந்து உருவி, ஓசைப்படாமல் அடுக்கின் உச்சியில் வைத்தார்.

அவள் அதை எடுத்து மறுபடி அடியில் செருகினாள்.