இருபத்தைந்து பார் பெருமூச்சு

அக்காவின் பெருமூச்சு இருபத்தைந்து பார் அழுத்தம் காட்டியது. கார் டயருக்கு இரண்டரை இருந்தாலே தாராளம். இது அதைப்போல் பத்து மடங்கு. அழுத்தமானியில் பழுதில்லை, மூன்று முறை சரிபார்த்தாயிற்று. அன்று அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நானூறு போர்வைகளை மடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். "அக்கா, இந்த எரிபொருள் குழாயில அடைப்பு இருக்கான்னு ஒரு ஊது ஊதிப் பாரேன்" என்று தம்பி குழாயை நீட்டினான். மறுமுனையில் மானி மாட்டியிருந்ததை மறந்துவிட்டான். ஊத அவளுக்குத் தெம்பு ஏது? பெருமூச்சுதான் வந்தது.

அவள் புருஷன் லேத்துக்காரர். அவரும் தம்பியும் ராக்கெட் செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருடம். கேட்டால் பொழுதுபோக்காம். படுக்கையறையைத் தொட்டிகள் பிடித்துக்கொண்டன. அவள் கூடத்து பெஞ்சில் முடங்கினாள். ஆண்கள் இருவருக்கும் சண்டை ஒரே விஷயத்தில்தான்: எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் எஞ்சினுக்குள் எப்படித் தள்ளுவது? தம்பி அழுத்தக் கட்சி. நைட்ரஜனை அடைத்துத் தொட்டியை அழுத்தினால் போதும், சுழலும் சாமானே வேண்டாம், கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை என்பான். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கத் தொட்டி தடிமனாக வேண்டும். தடித்த தொட்டியோ தரையை விட்டு நகரமாட்டேன் என்றது. லேத்துக்காரர் பம்புக் கட்சி. பம்பு இருந்தால் தகரம்போல மெல்லிய தொட்டி போதும். ஆனால் அந்தப் பம்பு நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்று சுற்றவேண்டும். அவர் கடைந்த ஒன்பதும் சுக்குநூறாகிப்போயின. "இரும்புப் பெட்டியைப் பறக்கவிடப் பாக்குறான்" என்பார் அவர். "மச்சானோட பம்புதான் பறந்தாச்சே" என்பான் இவன். ஏழாம் வருடம் பேச்சு நின்றது. அதன்பிறகு ஸ்பேனர் வேண்டும் என்றாலும் அக்காதான் தூது. "இந்த ராக்கெட் போகணும், இல்லன்னா நான் போயிடுவேன்" என்று அவள் ஒருநாள் இரண்டு பேரிடமும் சொன்னாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

பெருமூச்சுக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. அது திரவத்தை மட்டும் அழுத்தியது, தொட்டியின் சுவரைச் சீண்டவே இல்லை. மெல்லிய தகரத் தொட்டியே தாங்கிற்று. பதினோரு வருடத் தகராறு ஒரே சாயங்காலத்தில் செத்துப்போனதில் இருவருக்கும் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. கைவிட்ட கல்குவாரியில் அவளை நிறுத்தி, பாதிப் பெருமூச்சை எரிபொருள் தொட்டிக்கும் பாதியை ஆக்சிஜன் தொட்டிக்கும் வாங்கிக்கொண்டார்கள். ராக்கெட் ஒன்பது கிலோமீட்டர் ஏறியது. மச்சானும் மச்சானும் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்கள். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கே ஒரு பை துணியோடு சலவைக்கூடத்துக்கு எதிரே ஒரு மாடியறைக்கு வாடகைக்குப் போய்விட்டாள்.

தம்பி வேலை கிடைத்து வேறு ஊர் போனான். லேத்துக்காரர் மட்டும் ஞாயிறுதோறும் குழாயும் மானியுமாக மாடி ஏறி வந்தார். அவள் ஊதுவாள், முள் அசையாது. பூஜ்யம் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். "நல்லாத் தூங்குற போல" என்பார். "ஆமா" என்பாள். இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, வந்தவர் குழாயை நீட்டவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"இன்னைக்கு நீங்க ஊதுங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"அட, ஊதுங்களேன்."

முள் இருபத்தைந்தைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி, கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. அவர் அதையே வெறித்துப் பார்த்தார். "இவ்வளவா?" என்றார். பதினோரு வருடம் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது, கேட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம் மனுஷன் என்றும் தோன்றியது. குழாயை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே பிடித்து, உள்ளே அடைபட்டிருந்த பெருமூச்சைத் திறந்துவிட்டாள். எதிர் மொட்டைமாடியில் காய்ந்த போர்வைகள் அத்தனையும் எழும்பி இரண்டு தெரு தள்ளிப்போய் விழுந்தன. நாளைக்கு அவள்தான் பொறுக்கி மடிக்கவேண்டும், பரவாயில்லை என்றிருந்தது.

கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். "படுங்க கொஞ்ச நேரம்" என்றாள்.

அவர் மறுநாள் மத்தியானம்வரை தூங்கினார்.