கதவில் கேட்ட சுரம்

ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் பேஸ் கிதாரை வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் தேவராஜ் அதன் தலையை மரக்கதவில் முட்டுக்கொடுத்து வாசிப்பான். கதவின் மறுபுறம் அம்சவேணி காதை வைத்துக் கேட்பாள். கல்யாணமாகி மலைமேல் இருக்கும் வளப்பூருக்கு வந்த புதிதில் அவர்களுக்கு அதுவே விளையாட்டு.

"எந்தக் கட்டையில ஆரம்பிச்சாலும் மேஜர் ஸ்கேல் தடுமாறாம வரணும். வந்துட்டா பங்குனிக் கச்சேரியிலிருந்து நீ நம்ம ஆளு" என்று நாமக்கல் இசைக்குழுக்காரர் பழைய கிதாரைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்கேலின் ஏழு சுரமும் ஏற இடது கை விரல்கள் வரிசையாக விழ வேண்டும்: நடுவிரல், சுண்டுவிரல், அடுத்த கம்பியில் ஆள்காட்டி, நடு, சுண்டு என்று. சுண்டுவிரல்தான் எப்போதும் சண்டித்தனம் செய்யும்.

"உங்க சுண்டுவிரலு மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டமுங்க. கூப்பிட்டாத்தான் வரும்."

"நீ கூப்பிடு கண்ணு, ஓடி வரும்."

தையில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறியவன் சறுக்கி விழுந்தான். இடது முன்கை முறிந்தது. பக்கத்து ஊரான அரியூரில் எலும்பு கட்டுகிறவர் பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார். "அமாவாசை வரைக்கும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா கை கோணிக்கும்."

சாயங்காலமே விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்தன. "மரத்துப் போவுது வேணி. கொஞ்சம் தளத்தி உடு."

அரிவாளை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். "கோணிக்கிச்சுன்னா கிதாரை எப்படிப் புடிப்பீங்க? பல்லைக் கடிச்சுக்கங்க சாமி."

இரண்டொரு நாளில் வலி நின்றது. குணமாகிறது என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

அமாவாசையன்று கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகவே கூடியிருந்தது. விரல்கள்தான் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவற்றைத் தொட்டுப் பார்த்தார். "ரத்தம் ஓடாம சதை செத்துப்போச்சும்மா. அன்னைக்கே கட்டை அறுத்திருந்தா..."

மலையேறும் பஸ்ஸைப் பிடித்தார்கள். வீடு வந்ததும் அவன் கிதாரைக் கேட்டான். கதவில் முட்டுக்கொடுத்தான். வலது கையால் இடது விரல்களைப் பிரித்துக் கம்பியில் பதித்தான். மீட்டுவதற்காக வலது கையை எடுத்ததும் அவை மீண்டும் சுருண்டுகொண்டன.

கதவின் மறுபுறம் அம்சவேணிக்கு விரல் படாத வெறும் கம்பியின் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே சத்தம். பிறகும் அதேதான்.

"சுருதி எறங்கிக் கெடக்குதா வேணி?"

சுருதி சரியாகத்தான் இருந்தது. "ஆமாங்க. லேசா எறங்கியிருக்குதுங்க."

முறுக்காணியை அவன் திருகும் சத்தம் மரத்தின் வழியே வந்தது. அவள் காதை எடுக்காமல் நின்றாள்.